இரண்டு விடுதிகள், இரண்டு வாட்ச்மேன்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இணையத்தின் பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். போதாது என்று 1994-லேயே 'நேட்' என்ற உபாயம் வந்தது. நம்ம ஹாஸ்டல் மாதிரிதான். வெளியே ஒரே முகவரி, உள்ளே அறை எண்கள். நீங்கள் யாருக்குத் தகவல் அனுப்பினாலும் வாட்ச்மேன் நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் நோட்டைப் பார்த்து உங்கள் அறைக்கு அனுப்புவார். நோட்டில் இல்லாத ஆள் வந்தால்? "போய்யா!" அவ்வளவுதான்.

இரண்டு பேருமே ஹாஸ்டல்காரர்கள் என்றால் நேரே பேசுவது எப்படி? வெளியே உள்ள ஒரு பொது சர்வர், இருவர் வாசலின் முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்த்து, மாற்றிச் சொல்லிவிடும். உடனே இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். முதல் தகவல் எதிர்வாசலில் விரட்டப்படலாம். பரவாயில்லை, நம் வாட்ச்மேன் நோட்டில் அவர் பெயர் ஏறிவிட்டதே! அடுத்தடுத்தவை நுழைந்துவிடும். இதற்கு 'ஹோல் பஞ்சிங்' என்று பெயர்.

2005-ல் ஃபோர்ட், ஸ்ரீசுரேஷ், கெகல் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதித்த நேட்களில் சுமார் 82 சதவீதத்தில் யுடிபி வழியாக இது நடக்கிறது என்றார்கள். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "இடையில் ரிலே சர்வர் எதுக்கு சார், தண்டச் செலவு" என்று மேலதிகாரியிடம் வாதாடி எடுக்க வைத்தேன். மிச்சம் 18-ஐ மறந்தே போனேன்.

ஆபீஸில் ஜோராகப் பேசியது. வாடிக்கையாளரின் கிளையில் மாட்டினால் மூச்சுப் பேச்சில்லை. என் கீழே இருந்த பையனை, நம் கல்லூரிப் பையன்தான், எல்லார் முன்னாலும் திட்டினேன். "உன் கோடுதான் தப்பு" என்றேன். அவன் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரே போர்ட்டிலிருந்து இரண்டு சர்வர்களுக்குத் தகவல் அனுப்பிக் காட்டினான். வாசலில் ஒன்றுக்கு ஒரு எண், மற்றதற்கு வேறு எண்! ஆளுக்கொரு டோக்கன் கொடுக்கும் வாட்ச்மேன் அவர். பொது சர்வர் பார்த்துச் சொன்ன எண் மற்றவருக்கு உதவவே உதவாது.

ரிலேயைத் திரும்ப மாட்டினோம். முதலில் நேர்வழி, முடியாவிட்டால் ரிலே. 2010-ல் 'ஐஸ்' என்ற பெயரில் தரநிலையாக வந்ததும் இந்த ஏற்பாடுதான். இன்று பல மொபைல் நிறுவனங்களே ஒரு நேட் போடுகின்றன. வாட்ச்மேனுக்கு மேல் வாட்ச்மேன்!

அந்தப் பையன் இதே அரங்கில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தனியாக மன்னிப்புக் கேட்டாயிற்று. திட்டியது எல்லார் முன்னாலும் என்பதால், இன்று இங்கேயும் கேட்கிறேன்.