கடைந்த மெழுகு

(காரைக்குடி வட்டாரத்து ஊராட்சி ஒன்றில், மகளிர் குழுவினரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மெழுகுவர்த்தி செய்யும் தொழிலில் நம் நாட்டில் பயிற்சி பெற்றவர்கள் பலர். அதில் நிலைத்து நின்றவர்கள் சிலரே. இதற்குக் காரணம் பெண்களின் சோம்பல் அன்று. அச்சில் வார்த்த சாதாரண வெள்ளை வர்த்தியை இயந்திரமும் செய்கிறது, மலிவாகவும் செய்கிறது. மேலும், 2012ஆம் ஆண்டையொட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் வீடுதோறும் வர்த்தி தேவைப்பட்டது. அந்த நிலை இன்று இல்லை. வெளிச்சத்திற்காக வர்த்தி வாங்குவோர் குறைந்துவிட்டனர். அழகுக்காகவும் வழிபாட்டிற்காகவும் வாங்குவோரே எஞ்சியிருக்கின்றனர். ஆகவே, இயந்திரத்தோடு விலையில் போட்டியிடாமல், கை மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்வதுதான் நமக்கு உகந்த வழி. அத்தகைய ஒன்றே கடைந்த மெழுகு.

மெழுகு நமக்குப் புதிய சரக்கன்று. நகரத்தார் மாளிகைகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தன என்பதை அனைவரும் அறிவீர்கள். அதே பர்மாவின் மண்ணெண்ணெய்க் கிணறுகளும் மெழுகுக்குப் பேர்போனவை. 1850களிலேயே இலண்டனிலிருந்த பிரைஸ் மெழுகுவர்த்திக் கம்பெனியார் அவ்வெண்ணெயைக் கப்பலில் தருவித்து, அதிலிருந்து பாரபின் மெழுகைப் பிரித்து வர்த்தி செய்தார்கள். இன்று நமக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. சென்னை மணலியிலுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்திலேயே பாரபின் மெழுகு உற்பத்தியாகிறது.

இனி, செய்முறையைக் கூறுகிறேன்.

58 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும் கெட்டி மெழுகையே வாங்குங்கள். அதற்குக் குறைந்த வெப்பத்தில் உருகும் மெழுகு நம் சித்திரை வெயிலில் குழைந்து சாய்ந்துவிடும். முதலில் 2 அங்குலக் குறுக்களவும் 3 அங்குல உயரமும் உள்ள பருத்த வர்த்தியை அச்சில் வார்த்து ஆறவிடுங்கள். அதன் எடை ஏறக்குறைய 150 கிராம் இருக்கும்.

பிறகு, பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதனுள் வைத்த சிறு பாத்திரத்தில் வேறு மெழுகை உருக்குங்கள். உருகியதும் இறக்கி, அசைக்காமல் வைத்திருங்கள். பாலின்மேல் ஆடை படிவதுபோல் மெழுகின்மேல் மெல்லிய ஏடு படியும். அதுவே கடைய வேண்டிய தருணம். அதற்குமுன் கடைந்தால் நுரை நிற்காது. தாமதித்தால் மெழுகு கட்டிதட்டிப் பொடியாகும். முட்டை அடிக்கும் கருவியாலோ முள்கரண்டியாலோ வேகமாக அடியுங்கள். இத்தொழிலுக்கென்றே ஒதுக்கிய சிறு மத்தும் உதவும். மெழுகு வெளுத்து, நுரைத்து, கெட்டித் தயிர்போல் வரும்.

கண்ணாடிபோல் தெளிந்திருந்த மெழுகு வெளுப்பது ஏன்? அருவியில் விழும் நீர் வெண்மையாகத் தோன்றுவதற்கு உரிய காரணமே இதற்கும் காரணம். உள்ளே புகுந்த கணக்கற்ற காற்றுக் குமிழிகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன.

இந்நுரையை முள்கரண்டியால் அள்ளி, வர்த்தியின் பக்கங்களில் அப்புங்கள். முதற்பூச்சை அழுத்திப் பூசினால்தான் பிடிக்கும். அதன்மேல் முல்லைக் கொத்துப் போலவோ மரப்பட்டை போலவோ விருப்பம்போல் உருவாக்கலாம். நுரை இறுகிவிட்டால் எறிய வேண்டாம். மீண்டும் உருக்கி, மீண்டும் கடையலாம். ஒரு துளியும் வீணாவதில்லை.

சாயம் சேர்ப்பவர்கள் மெழுகில் கரையும் சாயத்தையே சேர்க்க வேண்டும். மஞ்சள்தூளும் குங்குமமும் மெழுகில் கரையாமல் திரியை அடைத்துக்கொள்ளும். கடைந்தபின் நிறம் வெளிறித் தோன்றும் ஆதலால், சாயத்தைச் சற்று மிகுதியாகச் சேர்ப்பது நலம்.

திரியைச் சுற்றிக் கடைந்த மெழுகை வைக்கலாகாது. அதன் காரணத்தை அறிய, மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞரை நினைவுகூர்வோம். 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி, இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக அவர் நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகளுக்கும் பொருள் ஒரு மெழுகுவர்த்தியே. 1953இல் நம் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராயும் துறைக்கு அடிப்படை விதிகளை வகுத்தவரும் அவரே. சுடர் மெழுகை உருக்குகிறது. உருகிய மெழுகு திரிவழியே ஏறி ஆவியாகி எரிகிறது. திரியருகே காற்று நிறைந்த நுரை இருந்தால் அது சட்டென்று உருகி இறங்கி வர்த்தி கோணலாகும். ஆகவே அலங்காரம் பக்கங்களிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு வர்த்தியை முழுதும் எரித்துப் பார்த்த பின்னரே மற்றவற்றை விற்பனைக்கு அனுப்புங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களையும் கூறிவிடுகிறேன். மெழுகை நேரே அடுப்பின்மேல் வைத்துக் காய்ச்சாதீர்கள். ஏறத்தாழ 200 டிகிரியை எட்டினால் அதன் ஆவி தீப்பற்றக்கூடும். கொதிநீரில் வைத்தால் 100 டிகிரியைத் தாண்டாது. ஒருவேளை தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூடியால் மூட வேண்டும். மிஞ்சிய மெழுகைச் சாக்கடையில் கொட்டினால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். தின்பண்டம் போன்ற உருவத்தில் வர்த்தி செய்யாதீர்கள்; குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள்.

இனி, கணக்கைப் பார்ப்போம். 150 கிராம் வர்த்தியின்மேல் 50 கிராம் கடைந்த மெழுகு பூசினால் மொத்தம் 200 கிராம். ஒரு கிலோ மெழுகில் இவ்வாறு 5 வர்த்திகள் ஆகும். சாதாரணமாக வார்த்தாலும் 200 கிராம் வர்த்திகள் 5தான். மெழுகுச் செலவு ஒன்றே, கூடுவது கையுழைப்பு. அந்த உழைப்புக்கு விலை வராவிட்டால் இத்தொழிலால் பயனில்லை. ஆகவே மெழுகு, திரி, எரிபொருள், பொட்டலம் ஆகியவற்றோடு, நடவுக்குப் போனால் கிடைக்கும் கூலியை மணிக்கணக்கில் வகுத்து அதையும் சேர்த்த பின்னரே விலையைத் தீர்மானியுங்கள். வீட்டிலிருந்து செய்வதுதானே என்று பெண்களின் நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது பெருந்தவறு.

காற்றுப் புகுந்த மெழுகு எடையைவிடப் பெரிதாகத் தோன்றும். தோற்றத்தைக் காட்டி ஏமாற்றலாகாது. பொட்டலத்தின்மேல் நிகர எடையைக் குறிப்பது சட்டத்தின் தேவை; நம் நற்பெயருக்கும் அதுவே காவல்.

விற்பனை எங்கே? நவம்பர் 2ஆம் நாள் கிறிஸ்தவர்கள் கல்லறைகளில் விளக்கேற்றுகிறார்கள். அடுத்து கிறிஸ்துமஸ் வருகிறது. இடைக்காட்டூர் போன்ற பழம்பெரும் ஆலயங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய மாளிகைகள் சில விடுதிகளாகியுள்ளன. அங்குத் தங்க வருவோர் ஊர் நினைவாக ஒரு பொருளை விரும்புகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற நம் செட்டிநாட்டுக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால் ஓலை பின்னும் பெண்ணுக்கும் அதில் பங்கு கிடைக்கும். ஏற்றுமுன் வர்த்தியைக் கொட்டானிலிருந்து எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும் என்று சீட்டெழுதி வையுங்கள்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் கண்மாய்ப் பாசனத்தில் களையெடுக்கும் காலமாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். வயலில் வேலை குறைந்த ஆடி, ஆவணியில் வர்த்திகளை வார்த்து நிழலில் சேமித்துவிடுங்கள். கேட்பு வந்தபின் மாலை வேளைகளில் கடைந்து பூசும் வேலையை மட்டும் செய்யுங்கள். இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று கெடுக்கமாட்டா.

மராட்டிய மாநிலத்து மகாபலேசுவரத்தில், பார்வையிழந்தவரான பவேஷ் பாட்டியா என்பவர் தொடங்கிய மெழுகுவர்த்தி நிறுவனத்தில் பார்வையற்றோர் பலர் பணியாற்றுகின்றனர். கையுணர்வே அவர்களுக்கு மூலதனம். அம்மூலதனம் நம்மிடம் இல்லையா?

பஞ்சாயத்துப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தொழிலுக்கென முதலிலேயே இயந்திரம் வாங்கித் தர முனையாதீர்கள். கடன் வாங்கவும் குழுவைத் தூண்டாதீர்கள். 10 கிலோ மெழுகோடு தொடங்கட்டும். 50 வர்த்திகள் ஆகும். அவற்றை விற்று, கூலியும் கழித்து மிச்சம் கண்டபின் அடுத்த 10 கிலோ வாங்கட்டும். அதுவரை குழுவிற்குத் தேவையானவை காற்றோட்டமுள்ள ஓர் அறை, ஒரு நல்ல தராசு, விடுதிக்காரரிடமும் ஆலயத்தாரிடமும் ஓர் அறிமுகச் சொல் ஆகியவையே. இம்மூன்றையும் அளிப்பது உங்களால் இயலும்.

இத்தொழில் ஊர் முழுமைக்கும் சோறு போடும் என்று நான் சொல்லமாட்டேன். மழை பொய்த்த ஆண்டில், சில குடும்பங்களின் பள்ளிச் செலவுக்கேனும் கைகொடுக்கும் உபதொழில் இது. அளவறிந்து தொடங்குங்கள்; உழைப்பின் விலையை விட்டுக்கொடாதீர்கள்.