செக் என்ற சொல்லின் கதை

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)

"பேங்க் விஷயமா ஏதாவது பேசுங்க சார்" என்றார் செயலாளர். வேலைக் காலம் முழுக்க கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு 'செக்'கை விட நெருங்கிய சொல் ஏது?

காசோலையும் செக், சரிபார்ப்பதும் செக். சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பதும் செக். கட்டம் போட்ட சட்டையும் செக் சட்டை. எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான்: பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் 'ஷா'.

நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சேர்ந்தது. ராஜாவுக்கு ஆபத்து என்றால் 'ஷா' என்று எச்சரிப்பார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து வந்து 'செக்' ஆனது. ராஜாவை மேலே போகவிடாமல் நிறுத்துவதால் 'தடுப்பது' என்ற பொருள் வந்தது. பிறகு நிறுத்திப் பார்ப்பது, சரிபார்ப்பது என்று விரிந்தது. செக்போஸ்டில் இரண்டுமே நடக்கிறது, பாருங்கள்!

சதுரங்கக் கட்டத்திலிருந்து இன்னொரு கிளை. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரின் வரவுக் கணக்கை 10 அடி நீளம், 5 அடி அகல மேசையில் பார்த்தார்கள். கட்டம் போட்ட துணியை விரித்து, அதில் காய்களை நகர்த்திக் கூட்டுவார்கள். அதனால் அந்தத் துறைக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அது இன்றும் உண்டு.

நம் காசோலைக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் முதலில் 'செக்' என்று சொன்னது பணம் எடுக்கும் தாளை அல்ல, அதன் கவுன்டர்ஃபாயிலை! மோசடியைத் தடுப்பதற்கான செக் அது. பிறகுதான் பெயர் தாளுக்குத் தாவியது. எக்ஸ்செக்கரின் சாயலில் ஆங்கிலேயர் எழுத்துக்களை மாற்றினார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் சிலர், பராமரிப்புக் கட்டணத்துக்கு என்று கையெழுத்து மட்டும் போட்ட செக்கைத் தெரிந்தவர்களிடம் கொடுத்து வைக்கிறார்கள். தொகையை யார் எழுதினார்கள் என்பது கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது உங்கள் கையெழுத்தைத்தான். தயவுசெய்து பெயர், தொகை எல்லாம் நிரப்பி, மூலையில் இரண்டு கோடு போட்டுக் கொடுங்கள்.

இப்போது பல செக் புத்தகங்களில் கவுன்டர்ஃபாயில் இல்லை. ஒரு அட்டவணைத் தாள்தான் இருக்கிறது. அதையும் யாரும் நிரப்புவதில்லை. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு 2021 முதல் 'பாசிட்டிவ் பே' வசதி இருக்கிறது. செக் விவரத்தை வங்கிக்கு நாமே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். பழைய கவுன்டர்ஃபாயில் பார்த்த வேலைதான்.

ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். செக் புத்தகத்துடன் வாருங்கள், நிரப்பிக் காட்டுகிறேன். மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வாருங்கள்.