மலைப் பாதையும் மோட்டார் ரொக்கரும்

தவலந்தென்னையிலிருந்து பூண்டுலோயா வழியாகத் தலவாக்கலைக்கு ஏறிச் செல்லும் வீதி மோட்டார் எஞ்சினின் வலிமையைச் சோதிக்கும் வீதியாகும். வளைவுக்கு வளைவு கியரைக் குறைக்க வேண்டும். மேலே செல்லச் செல்லக் காற்றும் மெலிகின்றது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கொழும்பிலிருப்பதைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் எரியும் பெற்றோலும் குறையும். எஞ்சினின் ஆற்றலும் குறையும். கீழ்நாட்டில் உற்சாகமாக ஓடிய சிறிய கார், டன்சினன் தோட்டத்து ஏற்றத்தில் மூச்சிரைப்பதன் காரணம் இதுவே.

ஆதலால் பழைய கார்களை வைத்திருப்போர் எஞ்சினைச் சிறிது மாற்றியமைக்க விரும்புவது இயல்பு. 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நுவரெலியாவில் நடப்பதும் அந்த விருப்பத்துக்கு உரமூட்டியிருக்கலாம். இத்தகைய மாற்றத்துக்குப் பெரிதும் உட்படும் கார்களுள் ஒன்று மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இக்கார் 1948இல் வெளிவந்தது. 1952 முதல் இதில் ஏ-வரிசை எனப்படும் எஞ்சின் பொருத்தப்பட்டது; 1956இல் அதன் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றராகவும், 1962இல் 1,098 ஆகவும் உயர்ந்தது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்தும், இலங்கை வீதிகளில் இக்காரை இன்றும் காணலாம்.

இந்த எஞ்சினில் வால்வுகள் மேலே இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் கேம் தண்டோ கீழே இருக்கின்றது. கேமின் புடைப்பு டப்பெட்டையும், டப்பெட் தள்ளுகோலையும் மேலே உயர்த்த, தள்ளுகோல் ரொக்கரின் ஒரு முனையைத் தூக்குகின்றது. மறுமுனை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கின்றது. கிணற்றுத் துலாவின் வேலையே ரொக்கரின் வேலையும். துலாவின் இரு பக்கங்களும் நீளத்தில் ஒத்திராதவாறு ரொக்கரின் இரு கைகளும் ஒத்திரா. வால்வுப் பக்கம் சற்று நீண்டிருக்கும். மொரிஸ் மைனரில் இந்த விகிதம் ஏறக்குறைய 1.25. கேம் 6 மில்லிமீற்றர் உயர்ந்தால் வால்வு 7.5 மில்லிமீற்றர் திறக்கும் என்பது இதன் பொருள்.

விகிதம் 1.5 உள்ள ரொக்கரைப் பொருத்தினால் அதே கேம் வால்வை 9 மில்லிமீற்றர் திறக்கும். எஞ்சினைக் கழற்றிக் கேம் தண்டை மாற்றாமலே கூடுதலான காற்றை உள்ளே விடும் எளிய வழி இது. ஆயின், எளிய வழி எல்லாம் செலவற்ற வழியன்று. வால்வு அதே நேரத்துக்குள் கூடுதலான தூரம் ஓடவேண்டியிருப்பதால் கேம், டப்பெட், தள்ளுகோல் ஆகிய மூன்றின் மீதும் பளு ஏறுகின்றது, தேய்வும் விரைகின்றது. மேலும், பெரிய திறப்பின் பயன் எஞ்சின் விரைவாகச் சுழலும்போதே நன்கு தெரியும். மலைப் பாதையில் இரண்டாம் கியரில் மெல்ல ஏறும் காருக்கு வேண்டுவதோ தாழ்ந்த சுழற்சியில் இழுக்கும் வலு. பெரிய காபரேற்றர் ஒன்றும் சீர்செய்த சிலிண்டர் தலையும் மட்டுமே பெற்ற எஞ்சினுக்கு 1.3 விகிதமுள்ள ரொக்கர் போதுமானது. போட்டிக்குச் செல்லாதவர் 1.5ஐ நாடவேண்டிய தேவை அரிது.

ரொக்கரின் வகையையும் கவனித்தல் வேண்டும். பழைய எஞ்சின்களில் இரு வகைகள் காணப்படுகின்றன. ஒன்று உருக்கை அடித்து வார்ப்பித்தது, கனமானது. அதன் நடுவிலுள்ள வெண்கலப் புஷ் தேய்ந்தால் புதிய புஷ் இட்டு மீண்டும் பயன்படுத்தலாம். மற்றையது உருக்குத் தகட்டை அழுத்திச் செய்தது, இலேசானது, தேய்ந்தால் மாற்றுவதே முறை. உருளை பொருத்திய புதுவகை ரொக்கர்களும் கிடைக்கின்றன. உருளை உராய்வைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆற்றல் கூடுவதோ பெரும்பாலும் விகிதத்தினாலாகும்.

எதைத் தெரிந்தாலும் பொருத்துமுன் சோதிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வால்வு முழுவதும் திறந்த நிலையில் வில்லின் சுற்றுகள் ஒன்றையொன்று தொடுதல் கூடாது. எல்லாச் சுற்றுகளுக்கும் இடையே மொத்தமாக ஒன்றரை மில்லிமீற்றராவது எஞ்சியிருத்தல் நலம். தொடுமாயின் தள்ளுகோல் வளையும். இரண்டாவது, சிலிண்டர் தலையை அரைந்து தாழ்த்தியிருந்தால், வால்வு பிஸ்டனைத் தொடாதிருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பிஸ்டன் மீது சிறுவர் விளையாடும் களியை வைத்து, எஞ்சினைக் கையால் சுழற்றிப் பின் அதன் தடிப்பை அளந்தால் உண்மை புலப்படும். மூன்றாவது, ரொக்கரின் முனை வால்வுத் தண்டின் நடுவே அழுத்துதல் வேண்டும். ஓரத்தில் அழுத்தினால் தண்டு பக்கவாட்டில் தள்ளப்பட்டு, அதைத் தாங்கும் குழாய் தேய்ந்து, நாளடைவில் நீலப் புகை வெளிப்படும். ரொக்கர் தண்டைத் தாங்கும் கால்களின் கீழ்த் தகடு வைத்து உயரத்தைச் சரிசெய்யலாம். எண்ணெய் ஏறும் முன்காலின் துளையைத் தகடு மறைத்துவிடலாகாது. மறைத்தால் ரொக்கர்கள் எண்ணெயின்றி வறண்டு அழியும்.

இனி, இடைவெளி. வால்வு மூடியிருக்கும்போது ரொக்கருக்கும் தண்டுக்கும் இடையே சிறு இடைவெளி இருத்தல் இன்றியமையாதது. எஞ்சின் சூடேறும்போது வால்வு நீளும். இடைவெளி இல்லையேல் வால்வு தன் இருக்கையில் முற்றாக அமராது. மொரிஸ் மைனர் 1000க்கு, எஞ்சின் குளிர்ந்த நிலையில், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இடைவெளி விதிக்கப்பட்டுள்ளது, அஃதாவது 0.30 மில்லிமீற்றர். ரொக்கரின் விகிதம் கூடினால் இந்த அளவும் அதே வீதத்தில் கூடவேண்டும். 1.25க்கு 12 எனில் 1.5க்கு 14 அல்லது 15 பொருந்தும். கேம் மாற்றப்பட்டிருப்பின், அதைச் செய்தவர் கூறும் அளவே முதன்மையானது.

அளக்கும் முறை எளிது. காரைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை விடுவித்து, பிளக்குகளைக் கழற்றி, முன்புறக் கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். வால்வுகள் எட்டு, முன்னிருந்து எண்ணுக. திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9இலிருந்து கழித்தால், சரிசெய்ய வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். எட்டாவது முழுவதும் திறந்திருக்கையில் முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதையும் பார்க்கலாம். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, பீலர் கேஜ் இலேசான பிடிப்புடன் நகரும்படி வைத்து, நட்டை இறுக்கியபின் மீண்டும் அளக்க வேண்டும். இறுக்கும்போது அளவு மாறிவிடுவதுண்டு. ரொக்கரின் முனையில் குழி விழுந்திருந்தால் கேஜ் அக்குழியின் விளிம்புகளில் தங்கிப் பொய்யான அளவைக் காட்டும். அத்தகைய ரொக்கரைச் செப்பனிடாமல் அளப்பது வீண்வேலை.

இடைவெளி அதிகமானால் கிளிக் கிளிக் என்ற ஒலி கேட்கும். அந்த ஒலியை விரும்பாத உரிமையாளர் அதை அடக்கும்படி கேட்பதும், மெக்கானிக் திருகைச் சற்று இறுக்கிவிடுவதும் பல கராஜ்களில் நிகழக்கூடியவை. ஒலி நின்றதும் எஞ்சின் திருந்திவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஆபத்து அப்போதே தொடங்குகின்றது. இருக்கையில் முற்றாக அமராத வெளியேற்று வால்வு தன் வெப்பத்தைச் சிலிண்டர் தலைக்குக் கொடுக்க இயலாது விளிம்பில் எரிந்துவிடும். நீண்ட ஏற்றத்தில், எஞ்சின் முழுப் பளுவுடன் உழைக்கும் வேளையிலேயே இது நேரும்.

இதற்குத் துணைபோவது மற்றொன்றும் உண்டு. 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனை நிறுத்தப்பட்டது. காற்றையும் குழந்தைகளின் உடல்நலத்தையும் காத்த நல்ல முடிவு அது. ஆயினும், ஈயம் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஒரு மெல்லிய காப்பாகவும் இருந்தது. காப்பிழந்த மென்மையான இருக்கை சிறிது சிறிதாகத் தேயும், வால்வு மேலேறும், இடைவெளி தானாகவே குறையும். ஒலியும் குறைவதால் எவருக்கும் ஐயம் எழாது. கடினமான உலோக இருக்கைகளைப் பதிப்பதே நிலையான பரிகாரம். அது இயலாதவர் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறையேனும் இடைவெளியை அளத்தல் வேண்டும்.

விலையுயர்ந்த புதிய ரொக்கரை நாடுமுன், உள்ள ரொக்கரின் தேய்வை நீக்கி, இடைவெளியைச் சரியாக வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. இழந்த வலுவின் ஒரு பகுதி அதனாலேயே மீளக்கூடும். அதன் பின்னும் போதாதெனில் அளவான மாற்றத்தைச் செய்யலாம். காதுக்கு இனிமையான எஞ்சினைவிட, அளவுக்கு அடங்கிய எஞ்சினே பூண்டுலோயாவின் ஏற்றத்தை இடையில் நில்லாது கடக்கும்.