சொல் மாற்றும் சூத்திரம்

ஆசிரியப் பணி என்பது பாதி கற்பித்தல், மறுபாதி திருத்துதல். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், நாற்பது ஏடுகளில் 'முயற்ச்சி' என்றும் 'பயிற்ச்சி' என்றும் 'ஏற்ப்பாடு' என்றும் ஒரே இனத்துப் பிழை நூறு முறை வந்து நிற்கும். சிவப்பு மையால் நூறு முறை அடிக்க வேண்டும். இப்பிழைகள் சொல்லால் வேறுபட்டவை, காரணத்தால் ஒன்றே. 'ட்', 'ற்' என்னும் மெய்களுக்குப் பின் மற்றொரு வல்லின மெய் வாராது என்ற விதியை மறந்ததே அக்காரணம். விதி ஒன்றாயிருக்கத் திருத்தம் மட்டும் நூறாக இருப்பானேன் என்று அக்காலத்தில் நான் எண்ணியதுண்டு. அவ்வினாவிற்குக் கணிப்பொறி அறிந்தவர்கள் கண்டிருக்கும் விடையே இன்றைய என் பேச்சின் பொருள்.

அவ்விடையை ஆங்கிலத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பர். சொல்லைத் தேடாமல் சொல்லின் வடிவைத் தேடும் குறியீட்டுத் தொடர் அது. இப்பேச்சில் அதனை 'வடிவக் கோவை' என்று குறிப்பிடுகிறேன்.

இக்கருத்து தமிழ் இலக்கணம் பயின்றவர்க்குப் புதிதன்று. சொற்கள் புணரும்போது நேரும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என நன்னூலார் வகுத்தார். வாழையும் பழமும் சேர்ந்தால் 'வாழைப்பழம்'. அங்கே ஓர் ஒற்றுத் தோன்றியது. பொன்னும் குடமும் சேர்ந்தால் 'பொற்குடம்'. அங்கே னகரம் றகரமாகத் திரிந்தது. மரமும் வேரும் சேர்ந்தால் 'மரவேர்'. அங்கே மகரம் கெட்டது. இன்ன எழுத்து, இன்ன சூழலில், இன்னதாக மாறும் என்ற மூன்று செய்திகளே ஒவ்வொரு விதியிலும் உள்ளன. கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் மாற்று விதியிலும் இம்மூன்றேயன்றி நான்காவது ஒன்றில்லை.

வடிவக் கோவையின் வரலாறு சுவையானது. அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி, நரம்பணுக்களின் வலைப்பின்னலைக் கணித முறையில் ஆராயப் புகுந்து, 1951-இல் இக்குறியீட்டை வகுத்தார். 1956-இல் அது நூல் வடிவில் வெளிவந்தது. அது பல்லாண்டு அறிஞர் ஏட்டளவிலேயே இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சன் 1968-இல் அதனைக் கொண்டு எழுத்துத் தொடரில் தேடும் வழியை எழுதி வெளியிட்டார். பின்னர் 1987-இல் லாரி வால் உருவாக்கிய பெர்ல், 1991-இல் கைடோ வான் ராஸம் வெளியிட்ட பைத்தான் முதலிய ஸ்கிரிப்டிங் மொழிகளின் வாயிலாக அது எளியவர் கைக்கும் எட்டிற்று. மூளையை அறிய எழுந்த கணிதம் எழுத்துப் பிழை திருத்த வந்து சேர்ந்தது.

இனி, முன் சொன்ன பிழையையே எடுத்துக்கொள்வோம். கோவையில் சதுர அடைப்புக்குள் சில எழுத்துகளை இட்டால், 'இவற்றுள் ஏதேனும் ஒன்று' என்பது பொருள். பிறை அடைப்புக்குள் இட்டால், 'இங்கே அகப்பட்டதை நினைவில் கொள்' என்பது பொருள். ஆகவே, ட, ற இவற்றுள் ஒன்று; அதன்மேல் புள்ளி; அடுத்துக் க, ச, ப இவற்றுள் ஒன்று; அதன்மேலும் புள்ளி; அதனையடுத்து, இப்போது அகப்பட்ட அதே எழுத்து மீண்டும் ஒருமுறை. இதுவே தேட வேண்டிய வடிவம். நடுவில் நிற்கும் மிகைமெய்யை நீக்கி மற்றவற்றை இருந்தவாறே வை என்பது மாற்று. 'முயற்ச்சி' 'முயற்சி' ஆகும். 'ஏற்ப்பாடு' 'ஏற்பாடு' ஆகும். நாம் ஒருபோதும் கண்டிராத பிழைச் சொல்லும் இவ்விதிக்கு அடங்கும். பைத்தான் மொழியில் இதனை ஒரு செயற்கூறாக எழுத இரண்டு வரி போதும். முதல் வரி செயற்கூற்றின் பெயர். இரண்டாம் வரி 'சப்' என்னும் மாற்றுக் கட்டளை.

மாற்றாக வருவது எப்போதும் எழுத்தாகவே இருக்க வேண்டுவதில்லை. இன்னொரு செயற்கூறாகவும் இருக்கலாம். இதுவே இக்கலையின் நுட்பமான பகுதி. ஒரு பாடத்தில் 'இடது' என வருமிடமெல்லாம் 'வலது' என்றும், 'வலது' என வருமிடமெல்லாம் 'இடது' என்றும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இடதுகளையெல்லாம் வலதாக்கினால், பின்னர் எது பழைய வலது, எது புதிய வலது என அறிய வழியில்லை. இரண்டாம் கட்டளை அனைத்தையும் இடதாக்கிவிடும். இரண்டையும் ஒரே கோவையில் தேடச் செய்து, அகப்பட்ட சொல்லை ஒரு சிறு அட்டவணையில் பார்த்து அதன் இணையைத் தருமாறு செயற்கூறு அமைத்தால், பாடத்தை ஒருமுறை கடக்கும்போதே இரண்டும் சரியாக மாறும். அதுவும் இரண்டு மூன்று வரிகளில் அடங்கும்.

இன்னொரு சான்று. பழைய தமிழ் நூல்களின் முகப்பில் ஆண்டினைத் தமிழ் எண்களால் குறித்திருப்பார்கள். 1956 என்பதை மரபு முறையில் '௲௯௱௫௰௬' என எழுதலாம். ஆயிரம், ஒன்பது நூறு, ஐந்து பத்து, ஆறு என அதனைப் படிக்க வேண்டும். குறிக்குக் குறி மாற்றுவதே போதும் என எண்ணி, ஆயிரத்தின் குறிக்கு 1000, நூற்றின் குறிக்கு 100, பத்தின் குறிக்கு 10 என இட்டால், கிடைப்பது 100091005106 என்னும் பன்னிரண்டிலக்கப் பேரெண்! இங்கே கோவையின் வேலை எண்குறிகள் தொடர்ந்து வரும் இடத்தைக் கண்டுபிடிப்பதோடு முடிகிறது. பெருக்கிக் கூட்டி விடை சொல்வது செயற்கூற்றின் வேலை. கண்டறிதலும் கணக்கிடலும் தத்தம் எல்லையில் நின்றால் இரண்டும் சுருக்கமாக அமையும்.

இவ்வளவு ஆற்றலுடைய கருவி ஆபத்தற்றதாக இருக்க முடியாது. நான் அறிந்த ஒரு பள்ளியின் விழா மலரில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். நன்கொடையாளர் பட்டியலில் 'திரு.' என்று புள்ளியிட்டு எழுதியிருந்ததை எல்லாம் 'திருவாளர்' என மாற்ற, மலரைத் தொகுத்த இளைஞர் ஒரே வரியில் கட்டளையிட்டார். வடிவக் கோவையில் முற்றுப்புள்ளிக்கு 'ஏதேனும் ஓர் எழுத்து' என்று பொருள் என்பதனை அவர் கருதவில்லை. 'திருமதி' என்பதில் 'திரு'வையடுத்த மகரத்தையும் அக்கட்டளை விழுங்கிற்று. பட்டியலிலிருந்த பெண்மணிகள் அனைவரும் 'திருவாளர்தி' ஆயினர். திருச்சியும் திருநெல்வேலியும் ஊர்ப்பெயர் என்னும் தகுதியை இழந்தன. மலரும் அச்சாகிவிட்டது. தம் ஓய்வூதியத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கொடுத்த ஒரு முன்னாள் ஆசிரியை, தம் பெயர் இருந்த பக்கத்தை என்னிடம் காட்டி, "பணம் கொடுத்தவள் நான்தானா, ஐயா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்; ஆயினும் அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

அப்புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு இட்டிருந்தால், 'இது வெறும் முற்றுப்புள்ளி' எனப் பொறி உணர்ந்திருக்கும். ஒரு கோடு இல்லாத குறை, ஓர் அம்மையாரின் பெயரை அழித்தது. ஆதலின், பெயர்ப் பட்டியலைத் தொடுகிறவர் மனிதரைத் தொடுகிறோம் என்ற நினைவோடு தொட வேண்டும் என்பேன்.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. 'பல' என்ற சொல்லை 'அநேக' என மாற்றச் சொன்னால், வாயிலுள்ள 'பல்' 'அநேக்' ஆகிவிடும். 'பலம்' 'அநேகம்' ஆகிவிடும். யூனிகோடு முறையில் லகரம் தனியாகவும் அதன் புள்ளி தனியாகவும் பதிவாவதே இதற்குக் காரணம். நம் கண்ணுக்கு 'ல்' ஓர் எழுத்து. பொறிக்கு அது இரண்டு குறி.

முழுச்சொல்லை மட்டும் மாற்றுவதற்கெனச் சொல்லெல்லைக் குறி ஒன்று கோவையில் உண்டு. ஆங்கிலத்திற்கு அது நன்கு உதவும். ஆனால் பைத்தானோடு வரும் நூலகம், தமிழ்ப் புள்ளியையும் கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளையும் சொல்லின் உறுப்பாக எண்ணுவதில்லை. அதனால் வரும் விளைவு வியப்பானது. எல்லைக் குறியிட்டு 'மரம்' என்று தேடினால், 'மரம் நிற்கிறது' என்ற தொடரில் அது அகப்படாது. 'மரம்வெட்டி' என்ற சொல்லுக்குள்ளே அகப்படும். வேண்டிய இடத்தில் இல்லை. வேண்டாத இடத்தில் உண்டு!

இதற்கு மருந்தும் கோவைக்குள்ளேயே இருக்கிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. அவை ஒரே வரிசையாக நிற்பவை. 'இச்சொல்லுக்கு முன்னும் பின்னும் அவ்வரிசையைச் சேர்ந்த குறி எதுவும் இல்லாதபோது மட்டும் மாற்று' என்ற நிபந்தனையை நாமே எழுதிச் சேர்க்கலாம். ஒருமுறை செயற்கூறாக எழுதி வைத்தால், பின்னர் என்றும் பயன்படும். இலக்கண ஆசிரியர்கள் மெய்யின் இயல்பு புள்ளியொடு நிற்றல் எனப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே வரையறுத்தனர். அதனைப் பொறிக்குச் சொல்லித் தருவது நம் கடமை. பிற மொழியார் வந்து செய்வார் எனக் காத்திருத்தல் தகாது.

இறுதியாக, இக்கலையைப் பயில விழையும் இளைஞர்க்கும் ஆசிரியர்க்கும் நான்கு சொற்கள். முதலாவது, மாற்றுவதற்கு முன் தேடுங்கள். எத்தனை இடம் அகப்படுகிறது, எவ்வெச் சொல் அகப்படுகிறது எனப் பட்டியலிட்டுப் பாருங்கள். இரண்டாவது, மூலப்படியைத் தனியே வைத்துவிட்டு நகலில் மாற்றுங்கள். மூன்றாவது, மாற வேண்டிய பத்துச் சொற்களோடு மாறக்கூடாத பத்துச் சொற்களையும் எழுதி வைத்துச் சோதியுங்கள். பின்னதே முன்னதினும் முதன்மையானது. நான்காவது, கோவையின் அருகில் ஒரு வரி உரை எழுதுங்கள்.

சூத்திரம் சுருங்கியிருப்பது அழகு. ஆயினும் உரையாசிரியர்கள் இல்லாதிருந்தால் நம் சூத்திரங்களில் எத்தனை இன்று நமக்கு விளங்கியிருக்கும்? ஓராண்டு கழித்துத் தம் கோவையைத் தாமே படிக்க நேரும்போது, எழுதியவரே அதற்கு மாணவராகிவிடுகிறார். அம்மாணவர்க்கு இரங்கி ஒரு வரி எழுதி வைப்பது நல்லாசிரியர்க்கு அழகு.