பார்க்காமல் இடும் கையொப்பம்



அன்பார்ந்த இளைஞர்களே, பெற்றோர்களே! நானுஓயாவைச் சூழவுள்ள தேயிலைத் தொழிற்சாலை எதிலேனும் நீங்கள் கால் வைத்திருப்பீர்கள். மேல்மாடியில் கொழுந்து வாடுகிறது. கீழே ரோலர் சுழல்கிறது. ட்ரையரின் அனல் முகத்தில் அடிக்கிறது. சுழலும் பெல்ட்டுக்கு மறைப்பு உண்டா என்று நாம் பார்த்ததுண்டா? தேயிலை வாசனையில் மற்றதை மறந்துவிடுகிறோம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்பு இடுவதைக் கட்டாயமாக்கியுள்ளது. அதனைப் பரிசோதிக்கும் பொறுப்பு தொழில் திணைக்களத்தின் பொறியியலாளர்களுக்கு உண்டு.

இது ஆங்கிலேயர் தந்த புதுமை என எண்ணிவிடாதீர்கள். ஹிஜ்ரி 450இல் வபாத்தான இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் நூலில் முஹ்தஸிபின் கடமைகளை விவரிக்கிறார்கள். சந்தையில் தராசைப் பார்ப்பதோடு அவர் பணி முடிவதில்லை. கப்பலில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதையும், கடுங்காற்று வேளையில் அது புறப்படுவதையும் அவர் தடுக்கவேண்டும். கப்பல் மூழ்கியபின் விசாரிப்பதன்று, மூழ்குமுன் கரையிலேயே நிறுத்துவது அவர் வேலை.

பார்த்தால் மட்டும் போதுமா? பங்களாதேஷில், டாக்காவுக்கு அருகேயுள்ள சாவாரில், 2013 ஏப்ரல் 23 அன்று ரானா பிளாசா கட்டடத்தில் வெடிப்புகள் தோன்றின. பொறியியலாளர் ஒருவர் பார்த்து, ஆபத்து என்றார். கீழே இருந்த வங்கிக் கிளை மூடப்பட்டது. ஆடைத் தொழிலாளர்களோ மறுநாட் காலை வேலைக்கு அழைக்கப்பட்டனர். சம்பளம் போய்விடுமே என்ற அச்சத்தோடு மாடி ஏறினர். கட்டடம் சரிந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பரிசோதனை நடந்தது; அதன் சொல்லுக்குச் செவிசாய்க்கத்தான் ஆளில்லை.

இளைஞர்களே, நாளை ஓர் ஆடைத் தொழிற்சாலையிலோ கொழும்புக் கடையின் களஞ்சியத்திலோ பரிசோதனைப் புத்தகம் உங்கள் கையில் தரப்படலாம். "எல்லாம் சரி என்று போட்டுவிடுங்கள் தம்பி" என்று மேலாளர் சொல்லக்கூடும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது பொய்ச்சாட்சியன்றி வேறென்ன? தீயணைப்புக் கருவியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, வெளிவாசலை மூட்டைகள் மறித்துள்ளனவா, ஏணிப்படி ஆடுகிறதா எனப் பார்த்தபின் எழுதுங்கள். குறையிருப்பின் குறையென்றே, திகதியிட்டு எழுதுங்கள்.

பெற்றோர்களே, மகன் முதற் சம்பளத்துடன் வீடு வந்ததும் எவ்வளவு என்று கேட்கிறோம். இரவில் எங்கே உறங்குகிறாய், அந்த அறைக்கு எத்தனை வாசல், வெளிக்கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.