பட்டியலின் முதற்பெயர்: பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கம்

  

திருநெல்வேலித் திருச்சபையைத் தொடங்கியவர் யார்? இந்தக் கேள்வியில் நானும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்கள் சிலரும் இருபது ஆண்டுகளாக ஒத்துப்போனதில்லை. 1820இல் வந்த மிஷனரி ரேனியஸ் என்பார்கள் சிலர். 1778இல் வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் என்பார்கள் மற்றவர்கள். பாளையங்கோட்டைக் குளோரிந்தாவை மட்டும் இரு தரப்பாரும் ‘உதவிய அம்மையார்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த வரியோடுதான் என் வழக்கு.

திருச்சபையின் தொடக்கமான பாளையங்கோட்டையின் 1780ஆம் ஆண்டுச் சபைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதில் நாற்பது பேர். குழந்தைகளும் உண்டு, வேலைக்காரர்களும் உண்டு. ஒரே சாதியார் அல்லர். முதற்பெயர் குளோரிந்தா. தஞ்சைப் பக்கத்துப் பிராமணக் கைம்பெண். ஆங்கிலப் படை அதிகாரி லிட்டில்டனோடு வாழ்ந்தவர். கிறிஸ்தவ போதனையையும் அவரிடமே பெற்றவர். அந்த உறவைக் காரணம் காட்டி சுவார்ட்ஸ் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். மறுக்கப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர் இரண்டே ஆண்டில் பட்டியலின் முதலில் நிற்கிறது. ஞானஸ்நானம் கொடுத்தவரோ தஞ்சாவூரில் இருக்கிறார். பாளையங்கோட்டையில் குடியிருக்கும் குருவானவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் இந்த நாற்பது பேரைச் சேர்த்துப் பிடித்து வைத்தது யார்? அங்கேயே இருந்தவர்கள்தான். நண்பர்கள் இதற்கு ஒருநாளும் நேராக விடை சொன்னதில்லை.

சுவார்ட்ஸின் நாட்குறிப்பே எனக்குச் சாட்சி. 1771இலேயே, திருச்சிராப்பள்ளிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அங்குள்ளவர்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிறார் என்று எழுதுகிறார். ஐயர் வருவதற்கு ஏழாண்டு முன்பே அங்கே வாசிப்பு நடந்திருக்கிறது. கேட்க ஆளும் இருந்திருக்கிறது.

பிறகு கோயில். ஆங்கிலேயர் சிலரின் உதவியும் பெற்று குளோரிந்தா கட்டி எழுப்பிய அந்தக் கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். கட்டியது ஒருவர், பிரதிஷ்டை செய்தது மற்றவர். ஊர் மக்கள் அதைச் சுவார்ட்ஸ் கோயில் என்று சொல்லவில்லை, பிராமணப் பெண் என்ற பொருளில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொன்னார்கள். குளோரிந்தா வெட்டிய கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறுதான். தண்ணீர் இறைத்தவர்கள் வைத்த பெயர் அது. நாம் எழுதும் வரலாற்றில் அந்தப் பெயருக்கு இடம் கிடைக்காதது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான். சுவார்ட்ஸின் உழைப்பை நான் குறைக்கவில்லை. அவர் வந்து சேர்ந்தது முன்பே கூடியிருந்த ஒரு கூட்டத்திடம் என்கிறேன்.

உபதேசியாராக வந்த சத்தியநாதன் 1790இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றதையும், 1799இல் தாவீது சுந்தரானந்தம் முதலூர் என்னும் கிறிஸ்தவ ஊரை உருவாக்கியதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். விரிக்க நேரமில்லை. குளோரிந்தாவைப் பற்றி அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாரிந்தா’ நாவல் நம் நினைவை எவ்வளவு வளைத்திருக்கிறது என்பது தனி ஆய்வு. ஜெர்மனியின் ஹாலே ஆவணக் காப்பகத்தில் உள்ள மிஷனரிகளின் கடிதங்களை உபதேசியார்களின் பக்கமிருந்து படிக்கலாம். பாளையங்கோட்டையின் சிப்பாய்க் குடும்பங்களையும் தேடலாம். அந்த நாற்பதில் இருந்த மற்றப் பெண்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதை ஒரு மாணவி எடுத்துக்கொள்ள முன்வந்தால், என் குறிப்பேடுகள் எல்லாவற்றையும் இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.