யாரிடம் ஒப்புக்கொண்டார்?



"போலீஸ் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்." நாளிதழில் இந்த வரியைப் படித்ததும் வழக்கே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நம் நீதிமன்றத்தில் செல்லாது. இந்த விதிக்குப் பின்னால் நம் மண்ணின் வலி இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்த குழு 1855-இல் அறிக்கை தந்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களை வதைத்திருந்தார்கள். அந்த ஆங்கில அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே ஏறியிருக்கின்றன: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகள். இடையில் விரல்களை வைத்து நெரிப்பார்கள். அண்ணாந்தாள் என்றால், ஆளைக் குனியவைத்து, கழுத்துக்கு மேலும் கால்விரலுக்கு அடியிலும் கயிற்றை ஓட்டிக் கட்டிவிடுவது. அவருடைய வேட்டியே சில நேரம் கயிறாகும். எந்த மனிதன்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

ஆறு ஆண்டு கழித்து, 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் போலீஸிடம் சொல்லும் ஒப்புதலுக்குத் தடை வந்தது. 1872-இல் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவானது. 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒரு விலக்கும் கூடவே வருகிறது: சொன்னதை வைத்துப் பொருள் ஏதும் கிடைத்தால், அதைக் காட்டித்தந்த அந்தப் பகுதி மட்டும் செல்லும். "கத்தியைக் கிணற்றில் போட்டேன்" என்ற ஒரு வரிக்காக அடி விழுவது இந்த வாசல் வழியாகத்தான்.

அடிக்காமலும் பொய் ஒப்புதல் வரும். நியூயார்க்கில் 1989-இல் ஒரு குற்ற வழக்கில் 14 முதல் 16 வயதுவரையிலான ஐந்து சிறுவர்களை மணிக்கணக்கில் விசாரித்தார்கள். தூக்கமில்லை, சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை. செய்யாததைச் செய்ததாகச் சொன்னார்கள். 2002-இல் உண்மைக் குற்றவாளி முன்வந்தார். மரபணுச் சோதனையும் அவரையே காட்டியது. அந்த ஐவரின் தண்டனைகள் ரத்தாயின. இழந்த இளமை திரும்பவில்லை. களைத்த மனம் நாளைய சிறையைவிட இன்றைய விசாரணை அறைக்குத்தான் அஞ்சும்.

நேயர்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். மாஜிஸ்திரேட் முன் சொல்லும் ஒப்புதல் வேறு. அதைப் பதிவு செய்யும் முன், "நீங்கள் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே பயன்படலாம்" என்று மாஜிஸ்திரேட் எடுத்துச் சொல்ல வேண்டும். விருப்பமில்லை என்று அங்கே சொல்பவரை மறுபடி போலீஸ் காவலில் வைக்க அவர் அனுமதிக்கக் கூடாது. இது சட்டம். உங்கள் தெருவில் யாருக்காவது தேவைப்படலாம், சொல்லி வையுங்கள்.